நாற்பதுக்கு 24: அது நோயா?

கேள்வி: எங்கள் பொறியியல் கல்லூரியில் மன அழுத்தத்தை அளப்பதற்காகப் பத்துக் கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். எனக்கு 40-க்கு 24 வந்தது. இது நோயா? சிகிச்சை தேவைப்படுமா?
- மூன்றாம் ஆண்டு மாணவி, திருநெல்வேலி

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால், அமெரிக்க உளவியலாளர் ஷெல்டன் கோஹனும் அவருடைய சகாக்கள் இருவரும் 1983-இல் வெளியிட்ட அளவுகோலின் சுருக்க வடிவத்தைத்தான் நிரப்பியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. கடந்த ஒரு மாதத்தில் காரியங்கள் கைமீறிப் போவதாக எவ்வளவு அடிக்கடி உணர்ந்தீர்கள் என்பதை மட்டுமே அது கேட்கிறது. அதில் நான்கு கேள்விகள் நம்பிக்கையைப் பற்றியவை என்பதால், அவற்றின் மதிப்பெண்களைத் தலைகீழாக மாற்றிய பிறகே கூட்ட வேண்டும். உங்கள் கூட்டலை முதலில் சரிபாருங்கள். இத்தனைக்கு மேல் போனால் நோய் என்று எந்த எல்லையையும் அதை உருவாக்கியவர்கள் வகுக்கவில்லை. 'மிதம்', 'கடுமை' என்று இணையத்தில் காணும் பிரிவுகளை மருத்துவரின் முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்பதையும் அந்த எண் சொல்லாது. 1967-இல் ஹோம்ஸ், ராஹே என்ற அமெரிக்க மனநல மருத்துவர்கள் இருவரும் துணைவரின் இறப்பு முதலாக வாழ்வில் அழுத்தம் தரும் 43 பெரிய நிகழ்வுகளைப் பட்டியலிட்டார்கள். ஆனால் 1981-இல் அமெரிக்க உளவியலாளர் லாசரஸின் குழுவினர் 117 அன்றாடத் தொல்லைகளைக் கொண்டு நடுத்தர வயதினரிடம் ஆராய்ந்தபோது, மன உபாதைகளோடு பெரிய நிகழ்வுகளைவிடச் சிறு தொல்லைகளே நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தன. அதே வழியில் கனடாவில் 1990-இல் மாணவர்களுக்கென்றே ஒரு பட்டியல் உருவானது. நேர நெருக்கடி, எதிர்பார்த்ததைவிடக் குறைந்த மதிப்பெண், நட்பில் விரிசல் போன்றவை அதில் இடம்பெற்றன. எனவே இரண்டு வாரங்களுக்கு, இன்டர்னல் தேர்வோ, அரியரோ, விடுதி அறையின் சத்தமோ, வீட்டிலிருந்து வரும் பணக்கவலையோ, அன்றன்று உங்களை வாட்டியதைக் குறித்து வையுங்கள். எதை மாற்ற முடியும் என்பது மொத்த மதிப்பெண்ணைவிட அக்குறிப்பில் தெளிவாகத் தெரியும்.

கல்லூரிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பெயரெழுதச் சொல்லிப் படிவத்தை வாங்கினால் மாணவர்கள் அஞ்சி மறைப்பார்கள். பெயரின்றி, செமஸ்டர் தொடக்கத்திலும் தேர்வுக் காலத்திலும் வாங்கி ஒப்பிட்டால்தான், தேர்வு அட்டவணையில் எதைத் திருத்துவது என்று நிர்வாகத்துக்குப் புரியும்.

சிகிச்சை வேண்டுமா என்பதை எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். உறக்கமும் பசியும் இரு வாரங்களுக்கு மேல் குலைந்திருந்தாலோ, வகுப்புக்குப் போகவே இயலாவிட்டாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருமுறை வந்தாலும் காத்திராமல் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவி) எண்ணை அழையுங்கள். கட்டணமில்லாத அச்சேவை இரவு பகலாக இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம்.