வேக மெமரி கார்ட்: இப்போதே வாங்குவதா, பொறுப்பதா?

இந்தக் கிழமை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கமரா மெமரி கார்டைப் பற்றியவை. ஆவணி முகூர்த்தங்கள் கிட்ட வருகின்றன, நிலாவெளிப் பக்கம் சீசனும் நடக்கிறது. படம் எடுத்துப் பிழைக்கிறவர்கள் காசு செலவழிக்கிற நேரம் இது. அதனால் இந்த முறை முழுவதும் கார்டுக்கே.

உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, நான் கலியாண வீடுகளுக்குப் படம் எடுக்கிறேன். கமரா கெனன் 6டி மார்க் 2. தாலி கட்டும் நேரம் விடாமல் அடித்தால் கொஞ்ச நேரத்தில் கமரா நின்றுவிடுகிறது, சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது. வி90 கார்ட் போட்டால் சரிவரும் என்று கடையில் சொன்னார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. வாங்கட்டுமா?

வாங்க வேண்டாம் தம்பி. அந்தக் கமராவுக்கு வி90 என்ற அதிவேகக் கார்ட் ஒரு பிரயோசனமும் தராது.

உங்கள் கமரா விநாடிக்கு ஆறு படத்துக்கு மேல் எடுக்கும். ரோ படம், அதாவது கமரா திருத்தாமல் பதியும் மூலப் படம், ஒன்று ஏறக்குறைய 30 மெகாபைட். அப்படியென்றால் விநாடிக்கு 190 மெகாபைட் அளவில் உள்ளே வருகிறது. ஆனால் கார்ட் போடும் அந்த வாய் யூஎச்எஸ்-1 என்ற வேகத் தரத்து வகை. அதன் உச்ச வேகமே விநாடிக்கு 104 மெகாபைட்தான், உண்மையில் எழுதும் வேகம் அதிலும் குறைவு. வருவது கூட, போவது குறைவு. இடையில் இருக்கும் தற்காலிக நினைவகம் மூன்று நான்கு விநாடியில் நிரம்பிவிடும், கமரா நிற்கும். வி90 கார்ட் எல்லாமே யூஎச்எஸ்-2 வகை. பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், தங்க நிறத் தகடுகள் இரண்டு வரிசையாக இருக்கும். உங்கள் கமராவில் அந்த இரண்டாவது வரிசையைத் தொடுவதற்கு எதுவும் இல்லை. அதனால் எவ்வளவு விலையான கார்டும் அதற்குள் போனால் யூஎச்எஸ்-1 வேகத்தில்தான் ஓடும்.

கார்டில் எதைப் பார்த்து வாங்குவது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காசு வீணாகும் இடமே அதுதான். முகப்பில் பெரிதாக 170, 200 என்று போட்டிருப்பது வாசிக்கும் வேகம், அதாவது படத்தை லப்டொப்புக்கு இறக்கும் வேகம். யூஎச்எஸ்-1 கார்டில் அந்த 200 கூட, அந்த நிறுவனத்தின் தனி முறையைப் புரிந்துகொள்ளும் கார்ட் ரீடரில்தான் கிடைக்கும். கமராவுக்கு வேண்டியது எழுதும் வேகம். அதிலும் கடைசி வரைக்கும் கீழே இறங்காத வேகம். அதைச் சொல்வது ஓரத்தில் சின்னதாக இருக்கும் வி எழுத்தும் அதன் பக்கத்து எண்ணும். வி30 என்றால் விநாடிக்கு 30 மெகாபைட்டுக்குக் கீழே போகாது, வி60 என்றால் 60, வி90 என்றால் 90.

உங்களுக்கு நல்ல நிறுவனத்தின் வி30 கார்ட், எழுதும் வேகம் 80, 90 என்று போட்டது போதும். ஒன்று வேண்டாம், 64 ஜிபியில் இரண்டு வாங்குங்கள். 6டி மார்க் 2 இல் கார்ட் போட ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது, இரண்டாவது பிரதி கமராவுக்குள் சேராது. பல வருடங்களுக்கு முன் ஒரு கலியாணத்தை முழுக்க ஒரே கார்டில் எடுத்தேன். வீட்டுக்கு வந்து போட்டால் திறக்கவில்லை. மென்பொருள் போட்டு மீட்டதில் தாலி கட்டிய படங்கள் வரவேயில்லை. அந்தப் பிள்ளையின் தாயிடம் போய்ச் சொன்ன நாளை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து கன்னிகாதானம் முடிந்ததும் ஒரு கார்டைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு அடுத்ததைப் போடுவதுதான் என் வழக்கம்.

அப்புறம், கெட்டிமேளம் தொடங்கியதும் விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டு இருக்காதீர்கள். முதல் முடிச்சுக்கு நாலு படம், கொஞ்சம் விட்டு அடுத்ததுக்கு நாலு படம் என்று எடுத்தால் கமரா நிற்காது. ரோவோடு ஜேபெக்கும் சேர்த்துப் பதியும்படி வைத்திருந்தால் ஜேபெக்கை நிறுத்துங்கள்.

திருகோணமலை நகரிலிருந்து ஒரு தாய்: மகள் படக்கலை படிக்கிறாள். கார்ட் விலை போன வருடம் கேட்டதற்கும் இப்போது சொல்வதற்கும் நிறைய வித்தியாசம். இலத்திரனியல் சாமான் என்றால் நாள் போகப் போக விலை இறங்கும் என்பார்களே. கடைக்காரர் ஏமாற்றுகிறாரா? கொஞ்சம் பொறுத்தால் இறங்குமா?

கடைக்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது அம்மா. உலக விலையே ஏறியிருக்கிறது.

மெமரி கார்டுக்குள் இருப்பது நாண்ட் என்ற சேமிப்புச் சிப். அதைச் செய்கிற பெரிய நிறுவனங்கள் உலகத்தில் சிலதான்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், கியோக்சியா, சான்டிஸ்க், மைக்ரோன், சீனாவின் வைஎம்டிசி. மற்றப் பெயர்களில் விற்பவர்கள் பெரும்பாலும் இவர்களிடம் சிப் வாங்கிக் கார்டாக்குகிறவர்கள். 2023 இல் சிப் தேங்கிக் கிடந்தது, விலை அடிமட்டத்துக்குப் போனது. நட்டம் தாங்காமல் உற்பத்தியைக் குறைத்தார்கள். அதற்குப் பிறகு செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் கட்டத் தொடங்கினார்கள், அவை சேமிப்புச் சிப்பை அள்ளி வாங்குகின்றன. 2025 இன் கடைசி மாதங்களில் விலை வேகமாக ஏறியதற்கு அதுதான் பெரிய காரணம். அதே வருட டிசம்பரில் மைக்ரோன், பொதுமக்களுக்கு நேராக விற்கும் குருஷல் வியாபாரத்தையே விடுவதாக அறிவித்தது. சிப் செய்கிறவருக்கு நம்மைப் போன்ற ஒரு கார்ட் வாங்குகிறவர் முக்கியமில்லை என்பது அதிலிருந்து விளங்கும்.

முன்னும் இப்படித் தடைகள் வந்திருக்கின்றன. 2022 பெப்ரவரியில் யப்பானில் கியோக்சியாவின் இரண்டு ஆலைகளில் மூலப்பொருள் மாசுபட்டு உற்பத்தி பாதிக்கப்பட்டது. ஆனால் அது ஆலையைத் திருத்தினால் தீரும் விடயம். இப்போதைய ஏற்றத்துக்குக் காரணம் தேவை கூடியது. புதிய ஆலை கட்டி அதிலிருந்து சிப் வெளியே வர வருடங்கள் எடுக்கும்.

இதற்கு மேல் நம் நாட்டுக் கணக்கு. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஒன்று 200 ரூபா அளவில் இருந்தது, மே மாதம் 360 ஐத் தொட்டது. பிறகு 300 அளவுக்கு வந்து நின்றதே தவிர பழைய இடத்துக்குப் போகவில்லை. 2022 மே வரை 8 வீதமாக இருந்த வற் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். உலக விலை பழைய இடத்துக்கு இறங்கினால்கூட நம் கடை விலை பழைய இடத்துக்கு வந்து சேராது.

ஆகவே என் எண்ணம்: மகளுக்கு இப்போது தேவை என்றால் இப்போதே வாங்குங்கள். இறங்கும் என்று காத்திருந்து படிப்புக் காலம் போய்விடக் கூடாது. அதற்காக இன்னும் ஏறும் என்று பயந்து நாலைந்தை வாங்கி அலுமாரியில் வைக்கவும் வேண்டாம். சிப் விலை ஏறும்போது 512 ஜிபி, 1 டிபி போன்ற பெரிய கார்டுகளில்தான் அது கூடுதலாகத் தெரியும், ஏனென்றால் அவற்றின் விலையில் பெரும்பங்கு சிப்தான். படிக்கிற பிள்ளைக்கு 64 ஜிபி வி30 ஒன்று தாராளம்.

கிண்ணியாவிலிருந்து ஒரு வீடியோக்காரர்: 4கே எடுக்கும் புதிய மிரர்லெஸ் கமரா வாங்கப் போகிறேன். நாம் வழக்கமாகப் போடும் எஸ்டி கார்டின் காலம் முடிகிறது, இனிமேல் சிஎஃப் எக்ஸ்பிரஸ் என்ற வேறு வகைக் கார்ட்தான் என்கிறார்கள். எஸ்டி எக்ஸ்பிரஸ் என்றும் ஒன்று வந்திருக்கிறதாமே. எதை நம்பிக் காசு போடுவது?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. வீடியோவின் வேகத்தை மெகாபிட்டில் சொல்கிறார்கள், கார்டின் வேகத்தை மெகாபைட்டில். எட்டால் பிரிக்க வேண்டும். 100 மெகாபிட் 4கே என்பது விநாடிக்கு 12.5 மெகாபைட். அதற்கு வி30 போதும். வீடியோவின் ஒவ்வொரு பிரேமையும் தனித்தனிப் படமாகச் சுருக்கும் 600 மெகாபிட் முறை என்றால் 75 மெகாபைட், அப்போதுதான் வி90 அல்லது சிஎஃப் எக்ஸ்பிரஸ் தேவைப்படும். கலியாண வீடியோவுக்கு அந்த 600 ஐ எடுத்தால் வன்தட்டு வாங்கியே முடியாது.

இப்போது விலை. ஒரே 128 ஜிபியில் வி30 ஒரு பங்கு என்றால் வி60 இரண்டு மூன்று பங்கு, வி90 ஐந்து ஆறு பங்குக்கும் போகும். அவ்வளவு சின்ன எஸ்டி கார்டுக்குள் வேகம் இறங்காமல் இருக்க, சிப்பின் ஒவ்வொரு கலத்திலும் குறைந்த அளவு தரவையே எழுத வேண்டியிருக்கிறது. அதனால் ஒரே கொள்ளளவுக்குக் கூடச் சிப் தேவைப்படுகிறது. வாங்குகிறவர்களும் குறைவு. சிஎஃப் எக்ஸ்பிரஸ் பி வகை பெரிய கார்ட், உள்ளே கணினியின் எஸ்எஸ்டி சேமிப்பகத்தைப் போன்ற தொழில்நுட்பம். அதனால்தான் ஒரு ஜிபிக்கு என்று பார்த்தால் பல நேரம் பி வகை வி90 ஐ விட மலிவாக வருகிறது. இரண்டும் போகிற கமரா வைத்திருப்பவர்கள் வி90 ஐ வாங்க முன் இந்தக் கணக்கைக் கட்டாயம் போட்டுப் பாருங்கள்.

சிஎஃப் எக்ஸ்பிரஸில் ஏ வகை சின்னது, பெரும்பாலும் சோனி. பி வகை கெனன், நிக்கோன் கமராக்களில். ஒன்று மற்றதன் வாய்க்குள் போகாது. 2019 இல் வந்த 2.0 தரத்தில் ஏ வகையின் எல்லை விநாடிக்கு 1 ஜிகாபைட், பி வகைக்கு 2. 2023 இல் அறிவித்த 4.0 இல் இரண்டும் இரட்டிப்பு. 4.0 கார்ட் பழைய கமராவிலும் வேலை செய்யும், ஆனால் கமராவின் வேகத்தில்தான். லப்டொப்புக்கு இறக்கும்போது 4.0 ரீடர் இருந்தால் மட்டும் வித்தியாசம் தெரியும்.

எஸ்டி எக்ஸ்பிரஸ் தரம் 2018 இலேயே வந்துவிட்டது. கமரா நிறுவனங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. 2025 ஜூனில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2 விளையாட்டுக் கருவி மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸைக் கேட்பதால் அந்தப் பெயர் இப்போது கடைகளில் தெரிகிறது. உங்களுக்கு வேண்டாம். இரண்டாவது வரிசைத் தகடுகளை அது வேறு வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. அதனால் யூஎச்எஸ்-2 கமராவில் போட்டால் யூஎச்எஸ்-1 வேகத்துக்கு இறங்கிவிடும். கூடக் காசு கொடுத்துக் குறைந்த வேகம் வாங்கிய மாதிரி.

எஸ்டி கார்டின் காலம் முடியவில்லை. உச்ச விலைக் கமராக்களில் சிஎஃப் எக்ஸ்பிரஸ் இடம் பிடித்துவிட்டது, ஆனால் அவற்றில் பலவற்றில் பக்கத்திலேயே எஸ்டிக்கும் ஓர் இடம் இருக்கிறது. நடுத்தரக் கமராக்களில் யூஎச்எஸ்-2 எஸ்டிதான் ஓடுகிறது. நீங்கள் எடுக்கும் கமராவில் யூஎச்எஸ்-2 இருந்தால் வி60 இரண்டு வாங்குங்கள். காசுக்கும் வேலைக்கும் இன்றைக்குச் சரியான நடு அதுதான். எந்த நாளும் கமராவை முடிவு செய்து, கைக்கு வந்த பிறகே கார்ட் வாங்குங்கள்.

சாம்பல்தீவிலிருந்து: முகநூலில் 1 டிபி கார்ட் 2,500 ரூபாவுக்கு விற்கிறார்கள். தெரிந்த பெரிய நிறுவனத்தின் பெயர்தான் போட்டிருக்கிறது. நண்பர் ஒருவர் வாங்கிவிட்டார், நன்றாக வேலை செய்கிறதாம்.

போலி. நண்பரை அதில் முக்கியமான எதையும் எடுக்க வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லுங்கள். இப்படிப்பட்ட கார்டுக்குள் 16 அல்லது 32 ஜிபி இருக்கும், 1 டிபி என்று பொய் சொல்லும்படி அதன் கட்டுப்பாட்டுச் சிப்பை மாற்றியிருப்பார்கள். உண்மையான அளவு நிரம்பும் வரை எல்லாம் நன்றாகத்தான் தெரியும். அதன் பிறகு புதிய படம் பழைய படத்தின் மேல் எழுதப்படும், அல்லது எங்கும் எழுதப்படாது. கோப்பின் பெயர் மட்டும் இருக்கும், திறக்காது.

எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை விண்டோஸ் கணினியில் போட்டுச் சோதிக்கலாம். மக், லினக்ஸ் என்றால் எஃப்3. கார்ட் முழுவதையும் எழுதி நிரப்பி, திரும்ப வாசித்துப் பார்க்கும். 64 ஜிபி நல்ல கார்ட் ஒன்றுக்கு எழுதவும் வாசிக்கவும் அரை மணி நேரம் அளவில் போகும். எங்கே வாங்கினாலும் புதிய கார்டை முதலில் இப்படிச் சோதியுங்கள், கடைக்குத் திருப்பிக் கொடுக்கக்கூடிய நாட்களுக்குள்ளேயே.

பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது விற்பவரின் கடமை, 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் அது இருக்கிறது. ஏமாந்தால் வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிட வேண்டும். அவர்களின் தொலைபேசி 1977. முகநூல் ஆளிடம் வாங்கினால் பற்றுச்சீட்டும் இல்லை, ஆளையும் பிடிக்க முடியாது. கொழும்பிலோ இங்கேயோ, கடை வைத்து இருக்கிறவரிடம், இறக்குமதியாளரின் வாரன்டி ஒட்டியதை வாங்குங்கள். ஆயுட்கால வாரன்டி என்றாலும் கார்டைத்தான் மாற்றித் தருவார்கள், உள்ளே இருந்த படங்களுக்கு எவரும் பொறுப்பில்லை.

நிலாவெளியிலிருந்து: திமிங்கிலம் பார்க்கும் படகில் கமராப் பையோடு அலை அடித்துவிட்டது. கார்ட் உப்புத் தண்ணீரில் நனைந்துவிட்டது. எறிவதா?

எறிய வேண்டாம். நனைந்தபடியே கமராவிலோ ரீடரிலோ போடாதீர்கள், அதுதான் கெடுக்கும். நல்ல தண்ணீரில் அலசி உப்பைக் கழுவி, மென்மையான துணியால் ஒற்றி, நிழலில் இரண்டு நாள் காய விடுங்கள். வெயிலில் வேண்டாம், முடி உலர்த்தியும் வேண்டாம். பிறகு ரீடரில் போட்டு முதல் வேலையாகப் படங்களைக் கணினிக்கு இறக்குங்கள். தகடுகளில் பச்சை நிறமோ கறுப்போ படிந்திருந்தால் படங்களை எடுத்ததோடு அந்தக் கார்டை ஓய்வாக்கிவிடுங்கள். அதைத் திரும்பக் கமராவில் போட்டால் கமராவின் ஊசிகளும் கெடும்.