யானை ஒருநாள்தான் வந்தது

அன்புள்ள ஆசிரியருக்கு,

காதல் நாவல்களை விடாமல் படிப்பவள் நான். இப்போது கைப்பேசியில் வரும் தொடர்களைத் திறந்தால் தாத்தாவின் உயிலுக்காக ஒரு ஒப்பந்தத் திருமணம், மழையில் வழி அடைபட்ட மலை பங்களா, விடுதியில் மிச்சமிருக்கும் ஒரே அறை. சூழ்நிலை பிடித்துத் தள்ளாவிட்டால் இந்த நாயகிகளுக்குக் காதலிக்கத் தெரியாதா? எழுதுகிறவர்களின் சோம்பல்தானே இது? இவ்வளவு கேட்டுவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குக் காத்திருக்கிறேன் என்பதுதான் வெட்கம்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

வெட்கம் எதற்கு? மதயானை துரத்த அவள் அவனிடம் ஓடுவதும், வெள்ளம் இழுக்க அவன் அவளைக் கரையேற்றுவதும் காதலைப் பாடும் நம் அகமரபில் களிறுதரு புணர்ச்சி, புனல்தரு புணர்ச்சி என்று பெயர் பெற்றுவிட்டவை. உங்கள் மலை பங்களா அந்த யானையின் பேத்தி.

சங்கப் புலவர் கபிலரின் குறிஞ்சிப்பாட்டை ஒருமுறை கதையாகப் படித்துப் பாருங்கள். 261 அடிகள்தான். தினைப்புனம் காத்து, அருவியாடி, பூப்பறித்துக் களைத்திருக்கும் பெண்களை வேட்டை நாய்கள் வளைத்துக்கொள்கின்றன. அங்கே வந்த தலைவன், தப்பிய விலங்கு இந்தப் பக்கம் வந்ததா என்று கேட்கிறான். பதில் இல்லை. என்னோடு ஒரு வார்த்தை பேசுவதும் பழியா என்கிறான். நாய்களை அடக்கிவிட்டுப் பதிலுக்காக நிற்கிறான். அதன் பிறகுதான் யானை வருகிறது. பேச ஆசை முன்பே வந்தாகிவிட்டது. யானை கொண்டுவந்தது சாக்கை மட்டும்.

அந்தச் சாக்கு யாருக்காக? இதையெல்லாம் சொல்பவள் தோழி, கேட்பவள் மகளின் மெலிவைக் கண்டு கலங்கும் செவிலித்தாய். "இவள் தேடிப் போகவில்லை, யானை வந்தது" என்றால் பெரியவர்களால் கோபப்பட முடியாது. ஒப்பந்தத் திருமணக் கதையும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆசைப்பட்டாள் என்ற பழி நாயகியின் மேல் விழாமல் ஆசைப்பட வழி செய்து தருகிறது. ஆகவே அதைச் சோம்பல் என்று நான் சொல்லமாட்டேன்.

சோம்பல் அடுத்த கட்டத்தில் வருகிறது. கபிலரின் தலைவன் அன்று மாலையே அவர்களை ஊர் நீர்த்துறையில் விட்டுவிட்டுப் போய்விடுகிறான். பிறகு இரவுதோறும், முதல்நாளின் அதே விருப்பத்தோடு, பாம்பும் புலியும் திரியும் மலைவழியில் வருகிறான். எந்த யானையும் அவனைத் துரத்தவில்லை. கைப்பேசித் தொடர்களில் பலவும் இந்த இரவு வருகையை எழுதாமலே முடிந்துவிடுகின்றன. உயில் நிபந்தனை நிறைவேறும் அன்றே காதலும் நிறைவேறிவிடுகிறது.

ஜேன் ஆஸ்டின் இதில் இன்னும் கறார். 1813இல் வந்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில், மழை வரும் என்று தெரிந்தே திருமதி பென்னெட் மூத்த மகளைப் பணக்கார இளைஞன் பிங்லியின் வீட்டுக்குக் குதிரையில் அனுப்புகிறாள், அங்கேயே தங்க நேரட்டும் என்று. (சூழ்நிலையைத் தயாரிக்கும் அம்மாக்கள் நம் ஊரில் மட்டும் இல்லை.) மகளுக்குக் காய்ச்சல். தங்கை எலிசபெத் மூன்று மைல் சேற்றில் நடந்துவந்து அக்காவோடு தங்க, பிங்லியின் நண்பன் டார்சியும் அவளும் ஒரே கூரையின் கீழ். ஒரு சமயம் அரைமணி நேரம் இருவருக்கும் தனிமை வாய்க்கிறது. டார்சி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்குவதே இல்லை! ஏற்கனவே நழுவத் தொடங்கியிருந்த அவன் மனம் அந்த வீட்டில் மேலும் நழுவுகிறது. ஆனால் அவள் மனதில் ஒன்றும் நிகழவில்லை. பின்னால் அவன் மணம் கேட்கும்போது முகத்துக்கு நேராக மறுக்கிறாள். நெருக்கம் இருவருக்கும் ஒரே பலனைத் தந்தாக வேண்டும் என்று ஆஸ்டின் நினைக்கவில்லை.

ஒன்றில் மட்டும் உங்களைவிடக் கடுமையாக இருப்பேன். மழையும் யானையும் வேறு, நாயகனே கதவைப் பூட்டிவைப்பது வேறு. மிரட்டித் தாலி கட்டியவன் முந்நூறாம் பக்கத்தில் நல்லவனாகும் கதைகளை நான் பாதியிலேயே மூடிவிடுகிறேன். அவளுக்கு வெளியேற வழியில்லாதபோது அவள் சொல்லும் சம்மதத்தை எப்படி நம்புவது?

ஒரே அறைக் கதைகளைத் தாராளமாகப் படியுங்கள். அந்த மலை பங்களா தொடரின் பெயரை எனக்கும் எழுதி அனுப்புங்கள்.