முதல் ரிக் வாங்கும் முன்: புது ஸ்கைடைவர்களின் கேள்விகளும் பதில்களும்

பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களும், உரிமம் கையில் வந்த சூட்டோடு சொந்தமாக ரிக் (பாராசூட்டுகளும் அவற்றைச் சுமக்கும் பையும் பட்டைகளும் சேர்ந்த தொகுதி) தேடுபவர்களும் கேட்ட கேள்விகள் இவை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: பத்து ஜம்ப் முடித்துவிட்டேன். முதலில் எதை வாங்குவது?

ரிக்கை இப்போது வாங்காதீர்கள். பயிற்சியில் 260, 240 சதுர அடி கேனபியில் (விரியும் பாராசூட் துணியில்) தொடங்குபவர், உரிமம் வாங்கும் நேரத்தில் 210, 190 என்று இறங்கியிருப்பார். இன்றைக்குப் பொருந்துவதை வாங்கினால் சில மாதத்தில் அதை விற்க ஆள் தேட வேண்டியிருக்கும். அதுவரை வாடகை ரிக்கே சரி.

இப்போதே வாங்கத் தகுந்தவை ஹெல்மெட், கண்ணாடி, ஆல்டிமீட்டர் (உயரமானி), காலணி. ஹெல்மெட்டை மாட்டித் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பாருங்கள். நெற்றித் தோலும் கூடவே நகர வேண்டும். ஹெல்மெட் மட்டும் தனியாகச் சுழன்றால் அது பெரிது. முகம் முழுவதையும் மூடும் வகை என்றால், கையுறை போட்ட ஒற்றைக் கையால் முகப்பைத் திறக்க முடிகிறதா என்று கடையிலேயே செய்து பாருங்கள். விமானத்தில் மூச்சுக்காற்றால் முகப்பு மங்கும்போது அது உதவும்.

காலணி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கயிறு மாட்டும் உலோகக் கொக்கி உள்ள மலையேற்ற பூட்ஸ் கூடவே கூடாது. பாராசூட் விரியும்போது நீங்கள் புரண்டுவிட்டால் ஒரு லைன் (கேனபியிலிருந்து உங்களுக்கு வரும் கயிறு) அந்தக் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும் சாதாரண ஓட்டக் காலணி போதும்.

கேள்வி: என் எடை 75 கிலோ. 170 சதுர அடி மெயின் (முதன்மைப் பாராசூட்) ஒன்று நல்ல நிலையில் கிடைக்கிறது. 28 ஜம்ப் ஆகியிருக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 75 கிலோ என்றால் ஏறக்குறைய 165 பவுண்டு. ரிக், உடை, ஹெல்மெட் எல்லாம் சேர்ந்து இன்னும் 25 பவுண்டு. விமானத்தை விட்டு வெளியேறும்போது உங்கள் மொத்த எடை 190 பவுண்டு. அதைக் கேனபியின் சதுர அடியால் வகுத்தால் வருவதுதான் விங் லோடிங். 170க்கு அது 1.12. 190க்கு சரியாக 1.0. 210க்கு 0.9.

உரிமம் வாங்கிய புதிதில் 1.0ஐத் தாண்டாமல் இருப்பது பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. எங்கள் கருத்து அதைவிடக் கொஞ்சம் இறுக்கம்: உங்கள் எடைக்கு 210தான் முதல் கேனபி. அதில் குறைந்தது நூறு ஜம்ப் போடுங்கள். காற்று இல்லாத நாளிலும் நினைத்த இடத்தில் நின்றபடி இறங்கப் பழகிய பிறகு 190க்கு வாருங்கள்.

சின்னக் கேனபியில் நேராகப் பறப்பது சிரமமே இல்லை. அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆபத்து தரைக்கு மிக அருகில் வருகிறது: குறுக்கே ஒருவர் வந்துவிட்டார், அல்லது காற்றின் திசை மாறிவிட்டது என்று பதறி ஒரு டாகிளை (திருப்பவும் வேகம் குறைக்கவும் இழுக்கும் பிரேக் கைப்பிடியை) இழுக்கிறீர்கள். 210 மெதுவாகத் திரும்பும். உயர இழப்பும் குறைவு. 170 அதே இழுப்புக்கு வேகமாகச் சாய்ந்து மூக்கைக் கீழே விடும். சரியாக விரிந்த, எந்தக் கோளாறும் இல்லாத கேனபியின் கீழேயே இந்த விளையாட்டில் கால் முறிவுகளும் உயிரிழப்புகளும் நடக்கின்றன. தாழ்வாகத் திரும்புவது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

கேள்வி: என் எடை 50 கிலோதான். அதே கணக்குப்படி 135 சதுர அடி எனக்கு 1.0 வருகிறது. அப்படியானால் எடுக்கலாம்தானே?

கூடாது. விங் லோடிங் ஒன்றாக இருந்தாலும் கேனபிகளின் நடத்தை ஒன்றாக இருக்காது. கேனபி சிறிதாகும்போது லைன்களும் குட்டையாகின்றன. நீங்கள் இறக்கைக்கு அருகில் தொங்குகிறீர்கள், எனவே அது வேகமாகத் திரும்பும், வேகமாகக் கீழே பாயும். உங்கள் எடைக்கு 170ல் தொடங்குங்கள். காற்று பலமாக இருந்தால் அது முன்னேறாமல் நிற்கும், சில சமயம் பின்னுக்கும் போகும். அதற்காகக் கேனபியைச் சின்னதாக்க வேண்டாம். அன்று தரையில் இருங்கள்.

கேள்வி: பழைய மெயின் வாங்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

துணியையும் லைனையும் தனித்தனியாகப் பாருங்கள்.

துணியில் இரண்டு வகை. எஃப்-111 என்று அழைக்கப்படும் துணி காற்றைக் கொஞ்சம் விடும், மடிக்க எளிது. ஆனால் சில நூறு ஜம்ப்களில் காற்று கசிவது கூடிக்கொண்டே போய், கடைசியில் ஃபிளேர் செய்தாலும் (இறங்கும்போது இரண்டு டாகிளையும் சேர்த்து இழுத்தாலும்) கேனபி வேகத்தைக் குறைக்காது. தரையில் முட்டியடித்து இறங்க வேண்டியிருக்கும். ஜீரோ போரோசிட்டி துணி காற்றே விடாது. ஆயிரம் ஜம்ப் தாண்டியும் நன்றாகப் பறக்கும். புதியதாக இருக்கும்போது மட்டும் வழுக்கி வழுக்கிப் பையை விட்டு ஓடும். முதல் கேனபியாக 200, 300 ஜம்ப் போன ஜீரோ போரோசிட்டி துணியைப் பரிந்துரைக்கிறோம். வழுவழுப்பு தணிந்திருக்கும், ஆயுள் மிச்சமிருக்கும். முனை கூரான, வேகப் பறப்புக்கான எலிப்டிகல் வடிவங்களைத் தவிர்த்து, சதுர வடிவமோ லேசான டேப்பரோ (ஓரம் குறுகலோ) உள்ள ஒன்பது செல் (காற்றறை) கேனபியைத் தேடுங்கள்.

லைன்கள்தான் பலர் கவனிக்காத இடம். மெல்லிய ஸ்பெக்ட்ரா லைன்கள் உராய்வுச் சூட்டில் சுருங்கும். பாராசூட் விரியும்போது ஸ்லைடரின் (விரிவதை மெதுவாக்கும் துணித்துண்டின்) உலோக வளையங்கள் வெளி லைன்கள் வழியாக வேகமாக இறங்குவதால், ஓரத்து லைன்களும் பிரேக் லைன்களும் அதிகம் சுருங்கும். நடு லைன்கள் ஏறக்குறைய அப்படியே இருக்கும். கேனபியின் வடிவம் கெட்டுப்போவது இதனால்தான். இரண்டு டாகிளையும் முழுக்க மேலே விட்டபோதும் பிரேக் லைன் பின்புறம் வளைந்து தொய்வாக இருக்க வேண்டும். அது விறைத்து, கேனபியின் பின்விளிம்பைக் கீழே இழுத்தால், கேனபி எப்போதும் பாதி பிரேக்கில் பறக்கிறது என்று அர்த்தம். வேகம் இராது, ஃபிளேருக்கு மிச்சமும் இராது. முழுக்க இழுத்தால் தரைக்கு மேலேயே ஸ்டால் ஆகும், அதாவது பறக்காமல் விழும்.

வெக்ட்ரான், எச்.எம்.ஏ. வகை லைன்கள் சுருங்காது. ஆனால் நாரெழும்பித் தேயும். ஒருநாள் அறிவிப்பில்லாமல் அறுந்துவிடும். பிரேக் லைனில் டாகிள் முடிச்சிட்ட இடத்தையும் ஸ்லைடர் உரசும் இடத்தையும் விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் ஒரு ரிக்கரிடம் (பாராசூட்டைப் பரிசோதித்துப் பராமரிக்கும் நிபுணரிடம்) காட்டி, தயாரிப்பாளரின் அட்டவணையோடு லைன்களின் நீளத்தை ஒப்பிடச் சொல்லுங்கள். பிரேக் லைன்களை மட்டும் மாற்றுவது சின்ன வேலை. முழு லைன் செட்டும் தேய்ந்திருந்தால் அந்தச் செலவை விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். ரிக்கரிடம் காட்ட விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி: ரிசர்வ் (அவசரத்துக்கான இரண்டாவது பாராசூட்) எப்போதோ ஒரு முறைதானே தேவைப்படும். சின்னதாக எடுத்தால் ரிக்கும் சிறிதாகும் அல்லவா?

இந்த யோசனையைக் கைவிடுங்கள். ரிசர்வ் தேவைப்படும் நாள், எல்லாமே தவறாகப் போன நாள். உயரம் குறைவாக இருக்கும், இறங்குமிடம் நீங்கள் தேர்ந்ததாக இருக்காது, மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். ஏ.ஏ.டி. (ரிசர்வைத் தானாகத் திறக்கும் கருவி) திறந்த ரிசர்வின் கீழே நீங்கள் மயங்கியும் இருக்கலாம். அப்போது டாகிளைத் தொட ஆளில்லை. கேனபி பிரேக் கட்டிய நிலையிலேயே இறக்கிவிடும். அது எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அவ்வளவு மெதுவாகத் தரையைத் தொடுவீர்கள். எனவே மெயினுக்குச் சமமான அளவை எடுங்கள், குறைக்காதீர்கள்.

ரிசர்வின் மீது தைத்திருக்கும் பட்டையில் அதிகபட்ச எடையும் வேகமும் எழுதியிருக்கும். உங்கள் மொத்த எடை அதற்குள் வர வேண்டும். எத்தனை முறை மடிக்கப்பட்டது, எத்தனை முறை பயன்பட்டது என்பதையும் அதன் ஆவணத்தில் பாருங்கள். பர்ஃபார்மன்ஸ் டிசைன்ஸ் நிறுவனத்தின் ரிசர்வ் 40 முறை மடிக்கப்பட்டாலோ 25 முறை விரிந்தாலோ பரிசோதனைக்குத் தொழிற்சாலைக்குப் போக வேண்டும். வட்டவடிவப் பழைய ரிசர்வ் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

கேள்வி: ஏ.ஏ.டி. இருந்தால் மெயினில் கோளாறு வந்தாலும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்கிறார்களே?

பார்த்துக்கொள்ளாது. அது அழுத்தமானியும் சின்ன கத்தியும் கொண்ட கருவி. குறிப்பிட்ட உயரத்தில் நீங்கள் இன்னும் வேகமாக விழுந்துகொண்டிருந்தால் ரிசர்வின் மூடும் லூப்பை (பையை மூடிவைக்கும் கயிற்று வளையத்தை) வெட்டிவிடும். அதோடு அதன் வேலை முடிந்தது. மெயினைக் கழற்றிவிடாது. சுழலும் மெயினின் கீழே நீங்கள் தொங்கினால், வெட்டுவதற்கான வேகத்தை எட்டாமலும் போகலாம். எட்டி வெட்டினால் ரிசர்வ் மெயினில் போய்ச் சிக்கலாம்.

சைப்ரஸ் என்ற ஏ.ஏ.டி. கருவியில் எக்ஸ்பர்ட் வகையின் பொத்தான் சிவப்பு. ஏறத்தாழ 225 மீட்டர் உயரத்தில் நொடிக்கு 35 மீட்டர் வேகம் இருந்தால் வெட்டும். மாணவர் வகையின் பொத்தான் மஞ்சள். நொடிக்கு 13 மீட்டரிலேயே வெட்டும். வயிற்றுப்பக்கம் கீழாக விழும்போது வேகம் நொடிக்கு 50 மீட்டருக்கு மேல். ஆக 225 மீட்டர் என்பது ஐந்து நொடிகூட இல்லை. பழைய ரிக்கில் மாணவர் கருவி மாட்டியிருந்தால் தெரிந்தே வாங்குங்கள்: வேகமான சுழலில் இறங்கும் கேனபி அந்த 13ஐத் தொட்டுவிடும்.

ஏ.ஏ.டி.க்கு ஆயுள் உண்டு. மாடலைப் பொறுத்து ஏறக்குறைய 12 முதல் 20 ஆண்டுகள். தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள், மிச்ச ஆண்டுகளைக் கணக்கிட்டு அதற்கேற்ற விலை கொடுங்கள். ஆயுள் முடிந்ததை இலவசமாகக்கூட எடுக்காதீர்கள். விமானம் ஏறும் தரையிலேயே ஆன் செய்ய வேண்டும். வேறு இடத்தில் இறங்கிக் காரில் திரும்பியிருந்தால் ஆஃப் செய்து மீண்டும் ஆன் செய்யுங்கள். தரையின் அழுத்தத்தை அது அங்கேதான் கற்றுக்கொள்கிறது.

கேள்வி: நண்பரின் ரிக் மலிவாகக் கிடைக்கிறது. அவர் என்னைவிட அரை அடி உயரம். பட்டைகளை இறுக்கிக்கொண்டால் போதாதா?

கால் பட்டையும் மார்புப் பட்டையும்தான் இறுக்க முடிபவை. தோளிலிருந்து இடுப்புவரை போகும் நெடும்பட்டையின் நீளம் பெரும்பாலான ரிக்குகளில் தைத்து முடித்தது. அது நீளமாக இருந்தால், பாராசூட் விரிந்ததும் ஹார்னஸ் (உடலைக் கட்டும் பட்டைகள்) மேலே ஏறி, மெயினை மாட்டிவைக்கும் மூன்று வளையங்கள் கன்னத்தை அடிக்கும். அதைவிட மோசம், கட்அவே கைப்பிடியும் (மெயினைக் கழற்றிவிடுவது) ரிசர்வ் கைப்பிடியும் நீங்கள் பழகிய இடத்திலிருந்து விலகிவிடும். அவசரத்தில் கை போகும் இடத்தில் கைப்பிடி இராது.

சோதனை இப்படி: ரிக்கைக் கட்டி, ரைசர்களில் (ஹார்னஸை லைன்களோடு இணைக்கும் பட்டைகளில்) தொங்கவிடச் சொல்லுங்கள். மூன்று வளையங்கள் காறை எலும்புக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். இரண்டு கைப்பிடியையும் பார்த்து, தொட்டு, உருவும் பாவனையைப் பலமுறை செய்யுங்கள். பொருந்தாத ஹார்னஸை ரிக்கரோ தொழிற்சாலையோ மாற்றித் தைக்க முடியும். ஆனால் அந்தச் செலவோடு ரிக் மலிவாக இருக்காது.

கண்டெய்னருக்குள் (முதுகுப் பைக்குள்) உங்கள் மெயின் அடங்குகிறதா என்பதும் முக்கியம். பெரிய மெயினைத் திணித்தால் லூப் நைந்துபோகும், பை வெளிவரத் தயங்கும். மிகச் சின்ன மெயினைப் போட்டால் லூப் தளர்ந்து, அதைப் பூட்டும் பின் (ஊசி) தானாக நழுவும். விமானக் கதவு திறந்திருக்கும்போது அது நடந்தால் பைலட் சூட் (மெயினை வெளியே இழுக்கும் சின்னப் பாராசூட்) வெளியே பறந்து விமானத்தின் வாலில் மாட்டலாம்; உங்களோடு விமானத்தில் இருக்கும் எல்லோருக்கும் ஆபத்து. ஒரு கண்டெய்னர் வழக்கமாக ஓர் அளவு கூட, ஓர் அளவு குறைவு வரை தாங்கும்.

கேள்வி: ஆர்.எஸ்.எல். (மெயினின் ரைசரை ரிசர்வ் பின்னோடு இணைக்கும் பட்டை) வேண்டுமா?

வேண்டும். மெயினைக் கழற்றிவிட்டவுடன், கழன்றுபோகும் ரைசரே ரிசர்வ் பின்னை இழுத்துவிடும். கட்அவே செய்தபின் ரிசர்வ் கைப்பிடியைத் தேடித் தடவும் அந்த நொடிகளை இது மிச்சப்படுத்தும். கைப்பிடியை இழுப்பதை மட்டும் இதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: ஆல்டிமீட்டர் டிஜிட்டலா, முள்ளா? காதில் ஒலிப்பது மட்டும் போதுமா?

முதலாவதுக்கு முள் வைத்தது. எண்ணைப் படிக்காமல், முள் நிற்கும் கோணத்தைப் பார்த்தே எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துகொள்ளலாம். பதற்றத்தில் அது பெரிய உதவி. காதில் ஒலிப்பது துணைக்கு மட்டுமே. காற்றிரைச்சலில் கேட்காமல் போகும், பேட்டரி தீரும்.

கேள்வி: என் எடை அதிகம். குழுவாகக் குதிக்கும்போது எல்லோரையும்விட முதலில் கீழே போய்விடுகிறேன். உடை மாற்றினால் சரியாகுமா?

பெருமளவு சரியாகும். தொளதொளப்பான, பருத்தி கலந்த, கைகால் அகலமான ஜம்ப்சூட் அதிகக் காற்றைப் பிடித்து வேகத்தைக் குறைக்கும். எடை குறைந்தவர்கள் இதற்கு நேர்மாறாக இறுக்கமான, வழுக்கும் நைலான் எடுக்க வேண்டும். உடை எதுவானாலும் அதன் மடிப்பு கைப்பிடிகளை மூடக்கூடாது.

கேள்வி: ஹெல்மெட்டில் கேமரா பொருத்தலாமா?

200 ஜம்ப் வரை வேண்டாம். அமெரிக்க பாராசூட் சங்கத்தின் பரிந்துரையும் அதுதான். லைன் மாட்டுவது ஓர் அபாயம். படம் எடுக்கும் நினைப்பில் உயரத்தை மறப்பது அதைவிடப் பெரிது.

கேள்வி: எல்லாம் வாங்கியாயிற்று. புது ரிக்கோடு முதல் ஜம்ப்புக்கு முன் என்ன செய்ய வேண்டும்?

ரிசர்வை ரிக்கரிடம் கொடுத்து உங்கள் பெயரில் புதிதாக மடிக்கச் சொல்லுங்கள். அவர் மடிக்கும்போது அருகில் இருங்கள். அமெரிக்காவில் அது 180 நாளுக்கு ஒருமுறை கட்டாயம், மற்ற நாடுகளில் இடைவெளி மாறும். மூன்று வளையங்களைக் கழற்றி மீண்டும் மாட்டவும், கட்அவே மஞ்சள் கேபிளைத் துடைக்கவும் அவரிடமே கற்றுக்கொள்ளுங்கள். மெயினின் மூடும் லூப் நைந்திருந்தால் அன்றே மாற்றுங்கள்; ஒன்றிரண்டு உபரி லூப் பையில் எப்போதும் இருக்கட்டும்.

முதல் ஜம்ப் தனியாக. குழுவில் வேண்டாம். வழக்கத்தைவிட உயரத்தில் திறந்து, 600 மீட்டருக்கு மேலேயே ஃபிளேர், முழு ஸ்டால், இரு பக்கத் திருப்பம் எல்லாவற்றையும் செய்து பாருங்கள். பிரேக் எந்த இடத்தில் பிடிக்கிறது, எவ்வளவு இழுத்தால் ஸ்டால் ஆகிறது என்பதை அங்கேயே தெரிந்துகொண்டு, இறங்குவதற்கான வட்டத்தைத் தொடங்குங்கள்.