வீட்டிலும் வெளியிலும் கிருமி பரவாமல் தடுக்க அன்றாடம் நீங்கள் உண்மையில் என்ன செய்கிறீர்கள்?

"விளம்பரத்தில் வருவதை விடுங்கள், உங்கள் வீட்டில் நடப்பதைச் சொல்லுங்கள்" என்று கேள்வியின் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் எழுதுகிறேன்.

மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு சந்தில் சாயங்கால இட்லிக் கடை போட்டிருக்கிறோம். ஆறு மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தால் ராத்திரி பதினொன்றரை வரை ஓடும். அத்தை ஆரம்பித்த கடை. இப்போது நானும் வீட்டுக்காரரும் பார்க்கிறோம், அத்தை மேற்பார்வை. எங்கள் வீட்டில் ஒருவருக்கு வந்தது எங்கள் வீட்டோடு நிற்காது, நூறு பேர் தட்டுக்குப் போகும் என்பது தெரிந்த விஷயம்தான். ஆனால் 2023 ஆடி மாதம் வரைக்கும் அதை நான் பெரிதாக நினைத்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுராத்திரி சின்னவன் பாயிலேயே வாந்தி எடுத்தான். தூக்கக் கலக்கத்தில் கைக்கு அகப்பட்ட துணியால் துடைத்தேன். குழாயடியில் இருந்த வாளியில் அதை அலசிக் கொடியில் போட்டேன். கையைத் தண்ணீரில் நனைத்து, முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவனைத் தட்டித் தூங்க வைத்தேன். செவ்வாய்க்கிழமை அத்தைக்கு வயிற்றுப்போக்கு. புதன் காலையில் எனக்கும் மூத்தவளுக்கும் சேர்ந்தாற்போல. இருப்பது ஒரு கழிப்பறை. மிச்சத்தை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார்கள், சொல்லலாம் என்று ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை எல்லாம் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். அங்கிருந்த நர்சம்மா கேட்டது வேறு.

"பையன் வாந்தியை யாரு அள்ளுனது? எந்தத் துணி? அதை எங்க அலசுனீங்க?"

மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. நான் துணி அலசிய அதே வாளியில்தான் மறுநாள் காலையில் அத்தை புதினா அலசினார்.

வீடு முழுக்க இப்படி வரிசையாகப் படுக்கவைக்கும் வாந்தி பேதி பெரும்பாலும் வைரஸ் வேலையாம். அதில் நோரோ என்று ஒன்று உண்டு. கண்ணுக்கே தெரியாத துளி போதும், அடுத்த ஆளுக்கு வந்துவிடும். சானிடைசரை நம்பி அதோடு மல்லுக்கட்ட முடியாது. கொரோனா வைரஸுக்கு மேலே கொழுப்பால் ஆன ஓர் உறை இருக்கிறது, ஆல்கஹாலும் சோப்பும் அதை உடைத்துவிடும். நோரோவுக்கு அந்த உறையே கிடையாது. சோப்புப் போட்டுத் தேய்த்து, ஓடும் தண்ணீரில் கையைவிட்டே அதைக் கழற்றி அனுப்ப வேண்டும். வாந்தி விழுந்த இடத்தைப் பழைய பேப்பர் போட்டு அள்ளி எறிந்துவிட்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரை ஊற்றி ஐந்து நிமிஷமாவது ஊறவிட்டுத் துடைக்கச் சொன்னார். (அந்தத் தண்ணீரோடு கழிப்பறை கழுவும் ஆசிட்டைச் சேர்த்துவிடாதீர்கள். மூச்சு முட்டும் விஷவாயு கிளம்பும்.) ஓஆர்எஸ் பாக்கெட்டை டம்ளருக்குக் கொஞ்சமாகத் தூவாமல் முழுசாக ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கச் சொல்லிக் கொடுத்தனுப்பினார்.

கிளம்பும்போதுதான் கடையைப் பற்றிக் கேட்டார்.

"எல்லாம் நின்ன பெறகும் முழுசா ரெண்டு நாளு அடுத்தவுகளுக்கு நீங்க சாப்பாடு எடுத்துக் குடுக்கக் கூடாது."

வீட்டுக்காரர், "மாவு ஆட்டியாச்சேம்மா" என்றார்.

"இட்லி ஆவியில வெந்துரும்ணே. சட்னி வேகுதா?"

அதற்கு எங்களிடம் பதில் இல்லை. கடையில் நாலு சட்னி வைக்கிறோம். தக்காளிச் சட்னியை வதக்கி அரைக்கிறோம், சரி. தேங்காய்ச் சட்னி பச்சையாக அரைப்பது. புதினாவை லேசாகப் பிரட்டுவதோடு சரி. மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, தண்ணிச் சட்னி என்பது பேரிலேயே தண்ணீர். அரைத்ததில் சொம்பு சொம்பாகப் பச்சைத் தண்ணீரை ஊற்றி மேலே தாளித்துக் கொட்டுவோம். தாளிப்பின் சூடு மேலோடு நின்றுவிடும்.

கடையை ஆறு நாள் அடைத்தோம். கொரோனா ஊரடங்குக்குப் பிறகு அவ்வளவு நாள் அடைத்தது அப்போதுதான். ஃப்ரிட்ஜில் கொண்ட மட்டும் மாவை வைத்தோம், மிச்சம் புளித்துப் பொங்கிப் பானைக்கு வெளியே வழிந்தது. அத்தை அதைப் பார்த்துக் கண் கலங்கினார். "ரெண்டு நாள்ல சரியாப் போற வயித்துவலிக்குக் கடையைப் பூட்டுவாகளா?" என்று ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அந்த ஆறு நாளில் சும்மா உட்கார்ந்திருந்தபோது என் கை ஒரு நாளில் எங்கெங்கே போகிறது என்று யோசித்துப் பார்த்தேன். கடைசியில் எல்லாம் முந்தானையில் வந்து நின்றது. பிள்ளை மூக்கைச் சிந்தினால் முந்தானை. கொப்பரை மூடியைத் தூக்க முந்தானை. தட்டில் ஈரம் இருந்தால் முந்தானை. கை கழுவியதும் முந்தானை. முகத்து வேர்வைக்கும் அதுவே. நான் ஒழுங்காகக் கை கழுவிய நாளில்கூட, கழுவி முடித்ததும் காலையில் இருந்து சேர்ந்த எல்லாவற்றையும் திரும்பக் கையில் எடுத்துப் பூசிக்கொண்டுதான் வேலையில் இறங்கியிருக்கிறேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் வீட்டிலேயே சுத்தமான துணி இட்லித் துணிதான். ஈட்டுக்கு ஈடு பத்து நிமிஷம் ஆவியில் வேகிறதே. அதற்கு அடுத்த அடியிலேயே என் முந்தானை.

இப்போது சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிவிடுகிறேன். பழைய வேட்டியைக் கைக்குட்டை அளவுக்குக் கிழித்து ஓரம் அடித்து இருபது துண்டு வைத்திருக்கிறேன். கை துடைக்க ஒன்று, அடுப்புப் பிடிதுணி ஒன்று, மேசை துடைக்க ஒன்று. ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. நனைந்து சொதசொதவென்று ஆனதை மாற்றிவிடுவேன், ஏனென்றால் ஈரத்துணியில்தான் கிருமி குடித்தனம் நடத்தும். ராத்திரி எல்லாவற்றையும் கொதிநீரில் போட்டு எடுத்து, மறுநாள் மொட்டை மாடி வெயிலில் உலர்த்துகிறேன். மதுரை வெயிலுக்கு அரை மணி நேரத்தில் அப்பளம் மாதிரி ஆகிவிடும். நான் செய்த மாற்றத்தில் பெரிதாகப் பலன் கொடுத்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். சோப்புக்கூட இரண்டாவதுதான்.

சோப்பு விஷயம் சுருக்கமாக. எந்த சோப்பாக இருந்தாலும் போதும். கிருமியைக் கொல்லும் சோப்பு என்று கூடுதல் காசு கொடுக்காதீர்கள். 2016இல் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம், டிரைக்ளோசான் உட்பட 19 வேதிப்பொருள்களைக் கை கழுவும் சோப்புகளில் சேர்க்கக் கூடாது என்று நிறுத்தியது. சாதாரண சோப்பைவிட இது மேல் என்று கம்பெனிகளால் நிரூபித்துக் காட்ட முடியவில்லை. முக்கியம் தேய்க்கும் நேரம், இருபது விநாடி. ஒரு இட்லித் தட்டின் குழிகளுக்கு நிதானமாக மாவு ஊற்றி முடிக்கும் நேரம் என்று எனக்கு நானே கணக்கு வைத்திருக்கிறேன். கட்டை விரலும் நகக்கண்ணும்தான் பெரும்பாலும் விட்டுப்போகும். எப்போது கழுவ வேண்டும் என்றால் கழிப்பறை போய் வந்த பிறகு, பிள்ளைக்குக் கால் கழுவிவிட்ட பிறகு, மூக்கைச் சிந்திய பிறகு, சாப்பாட்டில் கை வைக்கும் முன்பு, பச்சைக் கறியைத் தொட்ட பிறகு. நாள் முழுக்கக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டாம், இந்த இடங்களைத் தவறவிடாமல் இருந்தால் சரி.

கடையில் இட்லி எடுக்கிற கை காசு வாங்காது. முன்பு இரண்டையும் நானே பார்ப்பேன். இப்போது சில்லறை டப்பாவும் ஜிபே அட்டையும் வீட்டுக்காரர் பக்கம். அவர் எங்காவது போய்விட்டால், "அண்ணே, காசை டப்பாவுல நீங்களே போட்டு மிச்சத்தை எடுத்துக்கங்க" என்பேன். இதுவரை ஒருவரும் ஏமாற்றியதில்லை. ஏமாற்றியிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

அடுத்தது தண்ணீர். ஒரு குடமும் மேலே ஒரு டம்ளரும் வைத்திருந்தோம். வருகிறவர் டம்ளரை உள்ளே விட்டு மொண்டு அண்ணாந்து குடிப்பார். வாய் வைக்காமல் குடிப்பது நம் ஊர்ப் பழக்கத்தில் அருமையான ஒன்று. ஆனால் எச்சிலுக்கு இவ்வளவு கூச்சப்படும் நாம், மொள்ளும்போது நாலு விரலும் தண்ணீரில் முங்குவதைக் கண்டுகொள்வதே இல்லை. குழாய் வைத்த எவர்சில்வர் டிரம் வாங்கியதோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது. வீட்டிலும் அப்படித்தான். குழாயில் தண்ணீர் வரும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. பிளீச்சிங் பவுடர் வாடை அடிக்கிறது என்று நாம் திட்டுவது அதைத்தான். குடத்தில் பிடித்து வைத்தால் அந்தக் குளோரின் மெல்ல மெல்லப் போய்விடும், பிறகு உள்ளே போகும் விரலைத் தட்டிக் கேட்க ஆள் இல்லை. தண்ணிச் சட்னிக்கு இப்போது கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர்தான். தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்தால் போதும். ருசி மாறிவிட்டது என்று அத்தை மட்டும் சொல்கிறார்.

சித்திரைத் திருவிழாவுக்கு வருகிறவர்களுக்கு இதையொட்டி ஒன்று. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் நீர்மோர்ப் பந்தல் இல்லாத தெரு கிடையாது. ஆசையாகக் கொடுப்பதை வேண்டாம் என்று நானும் சொன்னதில்லை. ஆனால் நாலைந்து டம்ளரையே ஒரு வாளித் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்து ஊர் முழுக்கக் கொடுப்பார்கள். பையில் சொந்த டம்ளர் ஒன்று கிடக்கட்டும். ஐஸ் போட்ட தண்ணீர் சுத்தம் என்று நினைக்க வேண்டாம், உறைய வைப்பதால் கிருமி செத்துவிடாது.

தொடாமலும் துடைக்காமலும் பரவுவது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் நாங்கள் நேர்மாறாக நடந்திருக்கிறோம். என் பெரியப்பாவுக்கு டிபி வந்தபோது தட்டு தனி, டம்ளர் தனி. காற்றுப் படக் கூடாது என்று ஜன்னலையும் சாத்தி ஓர் அறையில் படுக்க வைத்தோம். டிபி தட்டிலும் டம்ளரிலும் ஒட்டாது. இருமும்போது காற்றில் கலந்து பரவுவது. அவருக்கு அதே தட்டில் சோறு போட்டு, ஜன்னலை விரியத் திறந்து வைத்து, வாயில் துணி கட்டிக்கொள்ளச் சொல்லியிருக்க வேண்டும். தனித்தட்டைப் பார்த்து அவர் மனம் நொந்ததுதான் மிச்சம்.

மெட்ராஸ் ஐ இதற்கு நேர் எதிர். 2022 நவம்பரில் தமிழ்நாடு முழுக்க வந்ததே, அப்போது மூத்தவளுக்கும் வந்தது. "அவ கண்ணைப் பாக்காதீக" என்று தெருவே தலையைத் திருப்பிக்கொண்டது. பார்த்தால் ஒட்டாது. கண்ணைக் கசக்கிய கையில், துண்டில், தலையணை உறையில்தான் இருக்கிறது. கண்ணுக்குக் கண் பார்த்துப் பேசிவிட்டு அவள் துண்டை மட்டும் தனியாகப் போட்டோம். வேறு யாருக்கும் வரவில்லை.

இதையெல்லாம் அத்தையிடம் சொன்னால், "எங்க காலத்துல எதுவும் பரவலையா, நாங்க பொழைக்கலையா?" என்பார். அவருக்குப் பிறந்த ஊர் மேலூர்ப் பக்கம். ஆனால் அம்மை போட்ட வீட்டைப் பற்றி அவரே சொல்வதைக் கேளுங்கள்: வாசலில் வேப்பிலை செருகிவிட்டால் வெளியாள் உள்ளே வர மாட்டார், வீட்டாள் வேறு வீட்டுக்குப் போக மாட்டார், கொடுக்கல் வாங்கல் கிடையாது, மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை இப்படித்தான். கொப்புளம் எல்லாம் பொருக்குத் தட்டும்வரை சின்னம்மை தொற்றும் என்கிறது மருத்துவம். தண்ணீர் ஊற்றுவதும் ஏறக்குறைய அந்த நாளில்தான். ஆத்தாளுக்குப் பயந்து வேப்பிலை செருகினாலும் அது தனிமைப்படுத்தல்தான். "அப்ப நம்ம கடையை ஆறு நாள் அடைச்சதும் வேப்பிலை சொருகுன மாதிரின்னு வச்சுக்கங்க அத்தை" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதை அன்னைக்கே இப்பிடிச் சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

வாடிக்கையாளரிடம் கை கழுவச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார்களா என்று ஒருவர் இதே கேள்வியில் கேட்டிருந்தார். நாங்கள் வாயால் சொல்வதில்லை. டிரம்முக்குப் பக்கத்தில், கண்ணில் படும் உயரத்தில், ஒரு சோப்பை வைத்தோம், அவ்வளவுதான். ஒருவர் கழுவினால் பின்னால் நிற்பவரும் கழுவுகிறார். கடன் பாக்கி வைத்திருக்கும் ஒரு பெரியவர் மட்டும், "என்னத்தா, எங்களையும் சேத்துக் கை கழுவிட்டியா?" என்றார்.

அந்த சோப்புதான் தலைவலி. வாரத்துக்கு ஒன்று காணாமல் போனது. சோப்பை வெங்காயம் வரும் சிவப்பு வலைப்பையில் போட்டுக் குழாயில் கட்டித் தொங்கவிட்டோம். போன வெள்ளிக்கிழமை வலையோடு போய்விட்டது.