ஐந்து மடங்கு இழுத்தும் படலம் விறைக்கவில்லையே?

மணலிப் பட்டறையில் நீங்கள் ஐந்து மடங்கு இழுத்த பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் படலம் விறைக்காததற்கு இழுவைக் குறைவு காரணமல்ல. அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் இழுத்த திசையிலேயே நிலைக்கவில்லை. நீளவாக்கில் நிற்கும் சங்கிலியில் சுமையை வலுவான கார்பன் பிணைப்புகள் தாங்கும். சுருண்டுவிட்டால் சங்கிலிகளுக்கு இடையிலுள்ள மெல்லிய ஈர்ப்பே தாங்க வேண்டும்.

பெரும்பாலும் உருளையின் சூடுதான் கூடியிருக்கும். உருகுநிலையான ஏறத்தாழ 160 டிகிரியை நெருங்கி, மெதுவாகவும் இழுத்தால், இழுபட்ட சங்கிலிகள் உடனே தளர்ந்து மீண்டும் சுருண்டுவிடும்.

இழுத்த திசையில் ஒன்று, குறுக்கில் ஒன்று என 10 செ.மீ. துண்டுகளை வெட்டி, 120 டிகிரி அடுப்பில் ஐந்து நிமிடம் தளர்வாக வையுங்கள். முதல் துண்டு தெளிவாகக் கூடுதலாகச் சுருங்காவிட்டால் சங்கிலிகளின் திசையமைவு, அதாவது ஒரே திசையில் நிற்பது, போய்விட்டது என்று கொள்ளலாம்.

பின்னர் சுருங்காதபடி வெப்பத்தில் நிலைப்படுத்திய படலத்துக்கு இச்சோதனை பொருந்தாது. கையால் மடக்கியும் முடிவு செய்யாதீர்கள். இழுத்ததில் தடிமன் பாதியானால், வளைவை எதிர்க்கும் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும்.