காட்டுப்பன்றி வேட்டைக்கு லீவர் ஆக்‌ஷன் ரைபிளில் எந்த காலிபர் நல்லது?

டெக்சாஸில் இருக்கும் சொந்தக்காரர்கள் பன்றி வேட்டையைப் பற்றிச் சொல்லும்போது, ஏற்காட்டுத் தோட்டங்களில் பன்றி மண்ணைக் கிளறிப் போட்டதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி வரும்.

லீவர் ஆக்‌ஷன் ரைபிள் என்பது, விசைக்கு அடியில் உள்ள நெம்புகோலை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா ஏறும் துப்பாக்கி. காலிபர் என்பது குழலின் உள்விட்டம். கிட்டத்தட்ட குண்டின் தடிமன். வளர்ந்த ஆண் பன்றிக்குத் தோள்பட்டைத் தோலுக்கடியில் கெட்டியான கவசம் இருக்கும். அதைத் தாண்டி நெஞ்சுக்குள் போக, கனமான குண்டு வேண்டும்.

லீவர் ரைபிள் பெரும்பாலானவற்றில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் உள்ள குழாயில், டார்ச்லைட்டில் பேட்டரி போடுவதுபோல ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். பின்தோட்டாவின் மூக்கு முன்தோட்டாவின் அடியைத் தொடும்; தட்டினால் பற்றிக்கொள்ளும் மருந்து அங்கேதான் இருக்கும். கூர்மூக்காக இருந்தால், சுடும் அதிர்ச்சியில் உள்ளேயே வெடித்துவிடலாம். அதனால்தான் தட்டைமூக்குக் குண்டு. அது காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். ஆக, கிட்ட இருந்து சுடுவதற்கான துப்பாக்கி.

என் தேர்வு, 1895-இல் வந்த .30-30 என்ற தோட்டா (இந்தப் பெயர்களில் முதல் எண், சுமாராக அங்குலத்தில் காலிபர்). அடர்ந்த புதரில் .44 மேக்னம் போதும். .45-70 பலமானதுதான், ஆனால் தோளில் பலமாக உதைக்கும். உதைக்குப் பயந்தால் குறி தப்பும், அடிபட்ட பன்றி வலியோடு ஓடும்.

அப்புறம், லைசென்ஸ் துப்பாக்கி இருந்தால் சேர்வராயன் மலையிலும் சுடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வனத்துறையிடம்தான் போக வேண்டும்.