கரண்ட் போனால் சோலாரும் நிற்பது பழுதல்ல

வணக்கம் தம்பி. பரந்தன் வீட்டில் 5 கிலோவாட் சோலார் போட்டும், கரண்ட் போனதும் நல்ல வெயிலிலேயே அதுவும் நின்றுவிடுகிறது, ஏமாற்றிவிட்டார்களோ என்று கேட்டிருந்தீர்கள். ஏமாற்றவில்லை. உங்களுடைய இன்வெர்ட்டர், அதாவது சோலார் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி, வெளி லைனோடு இணைந்த வகை. லைனில் மின்சாரம் இல்லாவிட்டால் அது தானாகவே நிற்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் கூரையிலிருந்து போகும் கரண்ட், கம்பத்தில் ஏறித் திருத்துபவரின் உயிரை எடுத்துவிடும். தயவுசெய்து யாரையும் வைத்து அதை மாற்றி வயர் பண்ண வேண்டாம்.

வழி இருக்கிறது. லைனோடும் பற்றரியோடும் வேலை செய்யும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் லித்தியம் பற்றரியும் போட்டால், லைன் போனதும் வீட்டை வெளியிலிருந்து துண்டித்துவிட்டுத் தனியாக ஓடும். 51.2 வோல்ட், 100 ஆம்பியர் மணி பற்றரியில் ஏறக்குறைய 5 யூனிட் நிற்கும். பிரிட்ஜ், நாலைந்து லைட், இரண்டு ஃபேன் இரவு முழுக்கத் தாங்கும். கிணற்று மோட்டரைத்தான் யோசிக்க வேண்டும்: 1 குதிரைவலு மோட்டர் ஓடும்போது ஒரு கிலோவாட் அளவில் எடுத்தாலும், தொடங்கும் நொடியில் அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். அதை வெயில் நேரத்தில் ஓட்டித் தொட்டியை நிரப்பிவிடுங்கள். தண்ணீரைச் சேமிப்பது பற்றரியைவிட மலிவு!

2025 பெப்ரவரி 9, ஞாயிறு, இலங்கை முழுக்க இருண்டது நினைவிருக்கும். பாணந்துறையில் தொடங்கிய கோளாறு அவ்வளவு தூரம் பரவியதற்கு, மின் பாவனை குறைந்த அந்தப் பகலில் சோலாரின் பங்கு மிக அதிகமாக இருந்ததும் ஒரு காரணம். வீட்டுக்கு வீடு பற்றரி வந்தால், பகலில் மிஞ்சும் சோலார் கரண்ட் லைனுக்குத் தரும் பாரமும் குறையும். சரி, உங்கள் இன்வெர்ட்டரின் மொடலை எழுதுங்கள், அதோடு பற்றரி சேருமா பார்ப்போம்.